சுவரில் எண்பத்து நான்கு

யூமா, அரிசோனா
ஏப்ரல் 30, 1989

வெர்னா அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். நெஞ்சை நடுவில் பிளந்து, காலிலிருந்து ஒரு நரம்பை உருவி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். லவோன் தினமும் காலையில் தையலைப் பார்த்துவிட்டு, "பேஸ்பால் பந்து மாதிரியே இருக்கு" என்கிறாள். கட்டின பெண்டாட்டிக்கு என்ன இரக்கம் பார்.

போனில் பேசலாமே என்று சொல்லியனுப்பினாயாம். முப்பத்தோரு வருஷம் காகித மில்லில் இரண்டாம் நம்பர் மெஷின் பக்கத்தில் நின்று காது போனவனுக்குப் போன் எதற்கு? நீ கத்துவாய், நான் "என்ன?" என்பேன், மறுபடி கத்துவாய். காசுதான் கரையும். எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் மில் வேலை கிடையாது என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஏணி ஏறக் கூடாது, பனி தள்ளக் கூடாது, கோபப்படக் கூடாது. முதல் இரண்டும் என்னால் முடியும். நாங்கள் தங்கியிருக்கும் லவோனின் தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு வருகிறது. வாசலில் இரண்டு எலுமிச்சை மரம். மாடிப்படி இல்லை, பனி இல்லை. சொந்தக்காரர் ஒரு கிழவர், நல்ல மனுஷன். நாலாயிரம் டாலர் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

மீதிக்கு, மில் தொழிலாளிகளுக்கு ஒதுக்கும் பங்குகள் என் பெயரில் சேர்ந்திருக்கின்றன. விலகல் தாளை அனுப்பி வை. சுவரில் இருக்கிற விலைக்கே, பங்குக்கு எண்பத்து நான்கு டாலருக்கே, மில் கணக்குத் தீர்த்துக் கொடுத்தால் வீடும் வரும், நாங்கள் இருவரும் போகிறவரை சாப்பாடும் வரும். அந்த எண்பத்து நான்கை மார்ச்சில் எழுதினவனே நான்தானே. கார்டு அடிக்கும் இடத்துக்கு எதிர்ச்சுவர், ஏணியின் கடைசிப் படி, கீழே ஜெரால்டு பிடித்துக்கொண்டு நிற்கிறான். முதல் வருஷம் இடுப்பு உயரத்தில் பதினொன்று என்று எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வருஷமும் விலை ஏற ஏற, ஒரு சாண் மேலே, ஒரு சாண் மேலே என்று எழுதி, இப்போது உத்தரத்தைத் தொடுகிறது. இந்த மார்ச்சில் மேலே நின்றபோது நெஞ்சை அடைத்தது. பெயிண்ட் நெடி என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு புத்திசாலி உன் தம்பி.

தாளை உடனே அனுப்பு.

ஆர்லோ


ஹார்ட்லி, விஸ்கான்சின்
மே 9

அன்புள்ள ஆர்லோ,

கோபப்படக் கூடாது என்று உன்னிடம் சொன்ன டாக்டருக்கு நம் குடும்பத்தைத் தெரியாது போலிருக்கிறது.

தாள் அனுப்பவில்லை. காரணம் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்கப் படி. மதிப்புப் போட மில்வாக்கியிலிருந்து வருகிறவர் வருஷத்துக்கு ஒரே ஒரு நாளைத்தான் பார்க்கிறார். டிசம்பர் 31 அன்று இந்த மில் என்ன பெறும்? அவ்வளவுதான் அவருடைய கேள்வி. பதில் மார்ச்சில் சுவருக்கு வருகிறது. அதன் பிறகு டிசம்பர் முடியும்வரை யார் விலகினாலும் அதே விலை. நீ இப்போது விலகினால் எண்பத்து நான்கு. டிசம்பர் தாண்டி விலகினால் புது விலை. சிகாகோ பத்திரிகைக்காரர்கள் இந்த வருஷம் இன்னும் அதிகக் காகிதம் கேட்பார்கள், தொண்ணூறைத் தாண்டிவிடும் என்று வெண்ட் சொல்கிறார். மில்லின் கணக்குத் தலைவர் அவர். பங்குத் திட்டக் கமிட்டியில் நானும் அவரும் ஜெரால்டும்தான் இருக்கிறோம். அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

உனக்கு நவம்பர் வரை நோய்க்காலச் சம்பளம் இருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆறு டாலரைச் சும்மா தூக்கி எறிவானேன்? எலுமிச்சை மரம் எங்கும் ஓடிப்போகாது. பொறு. சம்பள அலுவலகத்தில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருப்பவள் சொல்கிறேன். சின்ன வயதில்தான் என் பேச்சைக் கேட்கவில்லை, இப்போதாவது கேள்.

வாரம் ஒரு தடவை உன் வீட்டு ஜன்னல்களைத் திறந்து மூடுகிறேன். மில் நாற்றம் உன் திரைச்சீலையில்கூட ஏறிப்போயிருக்கிறது. நேற்று அழுகின முட்டைக்கோஸ் போல அடித்தது. எனக்கு அதை முகர்ந்தால்தான் தூக்கமே வருகிறது. டேரல் உன்னை மாதிரியே ஒரு பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு மெஷின் முன்னால் நிற்கிறான். பெற்றால் இப்படி ஒரு மகனைப் பெற வேண்டும், வாய் மட்டும் லவோனுடையது.

அக்கா


யூமா
ஜூன் 25

அக்காவுக்கு,

சரி, பொறுக்கிறேன். எழுதிவிட்டேன் பார், நீ சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரக் கிழவரிடம் புது விலை வரும் மார்ச் கடைசி வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என்னமோ சொன்னார், எனக்குக் காது கேட்கவில்லை. லவோன் காதருகில் வந்து, "இன்னொரு நாலாயிரம் குடுத்தா காத்திருக்கேங்கறாரு. மார்ச்சுக்குள்ள வாங்கலைன்னா எட்டாயிரமும் அவருக்கே" என்றாள். கொடுத்துவிட்டேன். எங்கள் சேமிப்பில் இனி எலிக்குக்கூடத் தீனி இல்லை. அதனால் என்ன, எண்பத்து நான்கு இருக்கிறது, ஏறினால் தொண்ணூறு இருக்கிறது. நீ சொன்னதால்தான் இந்தத் துணிச்சல், சொல்லிவிட்டேன்.

இங்கே காற்றில் எந்த வாசனையும் இல்லை. முதலில் மூக்கும் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

ஒரு கேள்வி. இரண்டாம் நம்பர் மெஷின் நாலு நாள் நின்றதாகவும், அவனைக் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்கவிட்டதாகவும் டேரல் எழுதியிருந்தான். நான் இருந்தவரை அது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் நிற்கும். என்ன, உருளை போய்விட்டதா? எந்த உருளை? ஈரப் பக்கமா, காயும் பக்கமா? ஜெரால்டிடம் கேட்டு எழுது. அவனுக்கு அந்த மெஷின் பெண்டாட்டி மாதிரி, குரலை வைத்தே கோளாறு சொல்வான்.

ஆர்லோ


ஹார்ட்லி
ஆகஸ்ட் 6

அன்புள்ள ஆர்லோ,

உருளை எதுவும் போகவில்லை. அதற்கு மேல் கேட்காதே.

தாமதமாக எழுதுகிறேன் என்று திட்டாதே. எழுதி எழுதிக் கிழித்தேன். கமிட்டியில் கேட்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கமிட்டி வக்கீல் சொன்னபோது, என் தாய் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது, அந்தக் கவலை வேண்டாம் என்று சிரித்தேன். தம்பியை அப்போது நினைக்கவில்லை.

ஒன்றை மட்டும் செய். வீட்டுக்காரருக்கு இனி ஒரு சல்லிக்காசு கொடுக்காதே. புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதே.

இங்கே எல்லோரும் நலம். காற்று நன்றாக இருக்கிறது. போன திங்கட்கிழமை நான் துணி உலர்த்தப் போனபோது, பக்கத்து வீட்டு மார்லிஸ் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை வெளியில் கொடியில் போட்டிருந்தாள். மில் கரி படிகிற இந்தத் தெருவில் யாராவது வெள்ளைத்துணியை வெளியில் காயப்போட்டு நீ பார்த்திருக்கிறாயா? மத்தியானம்வரை அவை பளிச்சென்று அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. கார்டு அடிக்கப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் வண்டியை மெதுவாக்கி அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் மார்லிஸ் விரிப்புகளை அவசரமாக உள்ளே எடுத்துவிட்டாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.

டேரல் சாப்பிட வந்தான். "அத்தை, காத்து இவ்வளவு நல்லாருக்கே, ஏன்?" என்றான். உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றேன்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


யூமா
செப்டம்பர் 17

வெர்னா,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

நீ சொல்லாவிட்டால் என்ன, ஊரே சொல்கிறது. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போகிற பாரில், விலகுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதி எல்லோரும் ஒரு கிளாஸ் பிராந்தி வாங்கிக் கொடுப்போமே, அந்தப் பலகையில் ஒரே வாரத்தில் மூன்று பெயர் என்று டேரல் எழுதியிருக்கிறான். முதலாவது நிர்வாக இயக்குநர் லிண்ட்னர். இரண்டாவது விற்பனைத் தலைவர். மூன்றாவது யார் என்று உனக்கே தெரியும், அவர் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தொண்ணூறு தாண்டும் என்று சொன்ன அதே வெண்ட். அறுபது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் வீட்டில் என்ன அவசரம்? ரோஜாச்செடி வாடுகிறதா?

லிண்ட்னர் பாரில் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனாராம். அதற்கடுத்த வாரம் பலகையில் இன்னும் ஏழு பெயர். ஜெரால்டு பெயரும் இருக்கிறது. கப்பலின் கேப்டனே படகை இறக்கினால் மற்றவன் நீச்சல் தெரியுமா என்று யோசிக்கவா செய்வான்?

ஆகஸ்ட்டிலேயே உனக்குத் தெரியும். உன் கடிதத்தை மறுபடி படித்தேன். துணி உலர்த்திய கதை எழுதியிருக்கிறாய். "ஆர்லோ, விலகு" என்று ரெண்டு வார்த்தை எழுத வரவில்லை, அப்படித்தானே?

சரி, போகட்டும். விலகல் தாளை ஜெரால்டு மூலம் வாங்கி நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். சுவரில் எண்பத்து நான்கு இருக்கும்போதே என் கணக்கைத் தீர்த்துவிடு. உன் மேஜையில் சேருகிற தாள்களில் மற்றவர்களுடையதற்கு மேலே வை.

ஆர்லோ


ஹார்ட்லி
அக்டோபர் 1

ஆர்லோ,

எழுதக் கூடாததை எழுதப் போகிறேன். இப்போது ஊர் முழுக்கப் பேசுகிறது, வக்கீலும் சரி என்றுவிட்டார்.

சிகாகோக்காரர்கள் நம்மை விட்டுப் போகிறார்கள். ஜனவரியிலிருந்து காகிதத்தைக் கனடாவில் வாங்கப் போகிறார்கள். நம் உற்பத்தியில் பாதிக்குமேல் அவர்களுக்குத்தான் போகிறது என்று உனக்கே தெரியும். ஜூலைக் கடைசியில் லிண்ட்னருக்கு எழுத்தில் சொல்லிவிட்டார்கள். மே மாதம் நான் உன்னைப் பொறு என்றபோது எனக்கு இது தெரியாது. வெண்டுக்குத் தெரியுமா என்றால், அதை அவர் மனசாட்சிதான் சொல்ல வேண்டும், அப்படி ஒன்று இருந்தால்.

இப்போது என் நிலைமை இதுதான். விலகல் தாள்கள் என் மேஜையில் கட்டாக இருக்கின்றன. எல்லோரும் கேட்பது எண்பத்து நான்கு. அது போன டிசம்பரில் இருந்த மில்லின் விலை. சிகாகோ இல்லாத இந்த மில் இன்று என்ன பெறும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. தாள் கொடுத்தவர்களுக்கெல்லாம் எண்பத்து நான்கு வீதம் கொடுக்க மில்லிடம் பணம் இல்லை. கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கடன் மில்லில் தங்குகிறவர்கள் தலையில் விழும். போகிறவன் இல்லாத விலையை எடுத்துக்கொண்டு போவான், இருக்கிறவன் அதைக் கட்டுவான். இருக்கிறவர்களில் டேரலும் ஒருவன்.

நம் திட்ட விதியில் ஒரு வரி உண்டு என்று வக்கீல் எடுத்துக் காட்டினார். வருஷ நடுவில் மில்லின் நிலைமையே புரண்டுபோகிற மாதிரி ஏதாவது நடந்தால், டிசம்பர்வரை காத்திருக்காமல் உடனே மறுபடி மதிப்புப் போடச் சொல்லலாம். போட்டபின் அந்த விலைக்குத்தான் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். கமிட்டியில் இரண்டு பேர் கை தூக்கினால் போதும். வெண்ட் தூக்க மாட்டார். "பழக்கத்தை ஏன் மாத்தணும் வெர்னா? வருஷத்துக்கு ஒரு தடவைதானே, எப்பவும் அப்படித்தானே" என்று எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். பதின்மூன்று வருஷத்தில் அவர் எனக்குக் காப்பி ஊற்றியது அன்றைக்குத்தான்.

ஜெரால்டின் பெயரும் பலகையில் இருக்கிறது. உன் தாளும் அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. நான் கை தூக்கினால் லிண்ட்னருடைய விலை மட்டும் விழாது, உன்னுடையதும் விழும்.

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை கூடுகிறோம். அதற்குள் பதில் எழுது. என்ன எழுதினாலும் படிப்பேன்.

அக்கா


யூமா
அக்டோபர் 9

அக்கா,

கெஞ்சி எழுதுகிறேன். இதற்கு முன் உன்னிடம் கெஞ்சியது நான் ஏழு வயதில் அப்பாவின் துப்பாக்கியை ஆற்றில் போட்டபோது. அன்றைக்குக் காட்டிக்கொடுக்கவில்லை நீ.

நான் இப்போது விலகவில்லை. ஏப்ரல் 30 அன்றே விலகிவிட்டேன். உனக்கு எழுதினேனே, தாளை அனுப்பு என்று. அப்போது சிகாகோ இருந்தது, மெஷின் ஓடியது, ஊர் நாறியது, எண்பத்து நான்கு என்பது சத்தியமான விலையாக இருந்தது. எனக்குக் கொடுத்திருந்தால் யார் தலையிலும் எதுவும் விழுந்திருக்காது. லிண்ட்னர் திருடலாம், வெண்ட் திருடலாம். நான் கேட்டது என் பணம். கேட்ட அன்றைக்குத் தராமல் பொறு என்று சொன்னது நீ.

என் தாளைத் தனியாக எடுத்து வை. ஏப்ரல் தேதி போட்டுக்கொள். பொய்யில்லையே அது? என் கடிதமே சாட்சி. மற்றவர்கள் தாளுக்கு உனக்குப் பிடித்த மாதிரி கை தூக்கு, கால் தூக்கு.

லவோனிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றுக் கிழவர் அவளைக் கூப்பிட்டு, மரத்துக்கு எந்தெந்த நேரம் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் ஜன்னலுக்குத் துணி அளந்துவிட்டு வந்தாள். எனக்கு ஐம்பத்தேழு வயது. தைத்த நெஞ்சு. யார் எனக்கு இனி வேலை தருவார்கள்?

உன்னை நம்பித்தான் பொறுத்தேன்.

ஆர்லோ


ஹார்ட்லி
அக்டோபர் 22

அன்புள்ள ஆர்லோ,

உன் ஏப்ரல் கடிதத்தையும் இந்த மாதக் கடிதத்தையும் வக்கீல் மேஜையில் வைத்துக் கேட்டேன். ஏப்ரலிலேயே கேட்டானே, இதற்கு ஒரு மரியாதையும் கிடையாதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத அவர் அக்காவுக்கு எழுதியிருக்காரும்மா, கமிட்டிக்கு எழுதல" என்றார். அந்த அக்காவும் கமிட்டியும் ஒரே பொம்பிளைதானே என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அழுதுவிடுவேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கூடினோம். நான் கை தூக்கினேன். தூக்கும்போது உன் முகத்தை நினைக்காமல் இருக்கச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்ட் மறுத்தார். வெண்ட் அவனிடம், "உன் பேரும்தான் பலகையில இருக்கு, யோசிச்சுக்க" என்றார். ஜெரால்டு கை தூக்கவில்லை. இரண்டு கை முஷ்டிகளையும் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றோடொன்று மோதினான். மெஷின் இரைச்சலில் பேச்சுக் கேட்காதபோது நீங்கள் செய்கிற சைகைதானே அது? காகிதம் கிழிகிறது, மெஷினை நிறுத்து என்று? வெண்டுக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன், அது ஆமாம் என்று அர்த்தம், குறித்துக்கொள்ளுங்கள் என்று.

அக்டோபர் 31 தேதிக்கு மதிப்புப் போடச் சொல்லியாகிவிட்டது. அதுவரை ஒருவருக்கும் பணம் இல்லை.

எட்டாயிரம் டாலருக்குச் செக் வைத்திருக்கிறேன். உன் முன்பணம் என் பேச்சால்தான் மாட்டிக்கொண்டது. வாங்கிக்கொள். இதற்கும் கமிட்டிக்கும் சம்பந்தமில்லை, என் சொந்தப் பணம்.

அக்கா


ஹார்ட்லி
நவம்பர் 26

அன்புள்ள ஆர்லோ,

ஒரு வரிகூட எழுத மாட்டாயா? செக்கும் பாங்குக்கு வரவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று டேரல் சொல்லித்தான் தெரிந்தது.

மில்வாக்கிக்காரர் வந்தார். வழக்கமாக அவர் பிப்ரவரியில் வருவார், கேன்டீன்காரர்கள் அவருக்கு ஆப்பிள் பை சுட்டு வைப்பார்கள், லிண்ட்னர் தோளில் கைபோட்டுச் சுற்றிக் காட்டுவார். இந்த முறை யாரும் கூடப் போகவில்லை. நின்றுகிடந்த இரண்டாம் நம்பர் மெஷின் மேல் கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டார். சில்லென்று இருந்ததாம்.

வெள்ளிக்கிழமைகளில் நான் மீன் வறுவலுக்குப் போவதில்லை. கடைசியாகப் போனபோது என் மேஜையில் இருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். நான் முள்ளைப் பொறுக்கிப் பொறுக்கி முழுத் தட்டையும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மான் வேட்டைக் காலம் தொடங்கிய மறுநாள், வாசல் பனியில் யாரோ மானின் குடலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆவி பறந்துகொண்டிருந்தது. மார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், வெளியே வரவில்லை. நானே வாரி எடுத்தேன்.

பயமில்லை என்று சொன்னால் பொய். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறேன். என் மேல் கோபமாக இருக்கிறாய், இரு. ஆனால் திட்டியாவது எழுது. இந்த ஊரில் என்னைத் திட்டுகிறவர்கள் யாரும் முகம் காட்டுவதில்லை.

அக்கா


ஹார்ட்லி
டிசம்பர் 10

ஆர்லோ,

விலை வந்துவிட்டது. இருபத்தொன்பது.

தனிக் கடிதமாகக் கமிட்டியிலிருந்தும் உனக்கு வரும். அதில் வருந்துகிறோம் என்று இருக்கும். அந்த வார்த்தையை நான்தான் போடச் சொன்னேன், அது போதாது என்று தெரிந்தும். லிண்ட்னருக்கும் அதேதான், வெண்டுக்கும் அதேதான், ஜெரால்டுக்கும் உனக்கும் அதேதான். மூன்றில் ஒரு பங்கு சொச்சம். உன் வீட்டுக்கு அது காணாது என்று எனக்குத் தெரியும்.

இப்போது எழுதப் போவது வேறு. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. புது விலையைச் சுவரில் எழுத வேண்டும் என்றேன். இந்த மாதக் கடைசிவரை லிண்ட்னர்தான் தலைவர். "மார்ச்லதானே எழுதுவோம்? எண்பத்து நாலு அங்கயே இருக்கட்டும். தங்கறவங்க மனசு உடைஞ்சிடும்" என்றார். கடிதம் வந்தது விலகினவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் காதில் வதந்தியாக விழுந்ததை யாரும் நம்பவில்லை. தினமும் கார்டு அடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள், எண்பத்து நான்கு இருக்கிறது. அது இருக்கும்வரை எதுவும் ஆகவில்லை என்று நினைக்கிறார்கள். நான் எடுத்துச் சொன்னால், வெர்னாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். அந்தச் சுவரை நம்பி ஒருவன் படகு வாங்கியிருக்கிறான்.

போன வாரம் டேரல் பாங்கில் வீட்டுக்கடன் கேட்டிருக்கிறான். குழந்தை வரப்போகிறதே, அதற்காக. பங்கின் விலை என்ன என்று கேட்டதற்கு எண்பத்து நான்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஓடிப்போய்ச் சொன்னேன், டேய், இருபத்தொன்பதுடா, கையெழுத்துப் போடாதே என்று. உன் மகன் என்னைப் பாவமாகப் பார்த்து என்ன சொன்னான் தெரியுமா? "அத்தை, அத எழுதினது எங்கப்பா. எங்கப்பா தப்பா எழுதமாட்டாரு."

பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஜெரால்டைக் கூப்பிட்டேன், பிரஷைத் தொட மாட்டேன் என்கிறான். நான் எழுதினால் நம்ப மாட்டார்கள், அழித்துவிடுவார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை. பாங்கில் இருபத்தெட்டாம் தேதி கையெழுத்து.

வெர்னா


யூமா
டிசம்பர் 15

அக்கா,

செக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உனக்கும் அதே இருபத்தொன்பதுதான், வைத்துக்கொள்.

வாங்க முடியாது என்று கிழவரிடம் சொல்லிவிட்டேன், வீடு போய்விட்டது. எட்டாயிரமும் போய்விட்டது. கிழவர் வாசலில் நின்று ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொடுத்தார். லவோன் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு, கார் திரும்பினதும் அழுதாள். நான் வண்டியை ஓட்டினேன். அவள் அழுவது எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ செய்தது சரி. சரி என்று தெரிந்துகொண்டே உன்மேல் கோபமாக இருக்கிறேன். இது டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

ஆனால் அந்தச் சுவரில் இருக்கிறது என் கை. என் பிள்ளை என் எழுத்தை நம்பிக் கழுத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். லிண்ட்னர் அதை அங்கேயே விடச் சொன்னாரா? அவர் யார் சொல்வதற்கு? செங்கல் அவருடையது, எண் என்னுடையது.

பத்தொன்பதாம் தேதி பஸ் ஏறுகிறோம். இருபத்திரண்டு வெள்ளிக்கிழமை, காலை ஷிப்ட் கார்டு அடிக்க வருகிற நேரத்தில் அங்கே இருப்பேன். எல்லோரும் பார்க்கட்டும். டேரலை முன்னால் நிற்கச் சொல். அன்றைக்கு ராத்திரி பாருக்கும் போவோம், நீயும் வருகிறாய், என் பக்கத்தில் உட்கார்கிறாய். எவன் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறான் பார்க்கிறேன்.

வெள்ளை பெயிண்ட் கட்டிதட்டாமல் கலக்கி வை. பழைய இரண்டு அங்குல பிரஷ் என் கொட்டகையில் ஆணியில் தொங்கும். ஜெரால்டையும் வரச் சொல், ஆனால் பிடித்துக்கொள்ள அவன் வேண்டாம்.

ஏணியை வெளியே எடுக்காதே. இருபத்தொன்பதின் இடம் கீழேதான், நின்ற இடத்திலிருந்தே கைக்கு எட்டும்.

ஆர்லோ